மேனேஜர் பேசினாராம்

1

ஒரே ஒரு சொல்லால் எங்கள் வீட்டில் மூன்று நாள் ஒழுங்கான சமையல் இல்லை. நாலே எழுத்துச் சொல். ஆங்கிலமுமில்லை, ஜெர்மனுமில்லை, சுத்தமான தமிழ். பாஷை தெரியாமல் வெளிநாட்டில் பட்ட பாட்டை ஊருக்கு எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். தமிழ் தெரிந்ததால் நாங்கள் பட்ட பாட்டை நான் எழுதுகிறேன்.

இவர் என்று நான் எழுதினால் அது என் வீட்டுக்காரர். பெயரைச் சொல்லி எழுதிப் பழக்கமில்லை, அதனால் இவர் என்றே இருக்கட்டும். யாழ்ப்பாணத்திலிருந்து ஜெர்மனி, ஜெர்மனியிலிருந்து லண்டன் என்று இரண்டு தரம் புதிதாகக் குடித்தனம் தொடங்கியவர்கள் நாங்கள். இப்போது இருப்பது கோலியர்ஸ் வுட்டில். இவருக்கு வயது அறுபத்தாறு, இன்னும் கிழமையில் மூன்று நாள் வயரிங் வேலைக்குப் போகிறார். எனக்கு ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் அரைநாள் வேலை. ஒரே மகள் அபி, தனக்கென்று ஒரு வீடு வேண்டுமென்று லூயிஷாமுக்குப் போய்விட்டாள். மேல் அறை சும்மா கிடந்தது.

அந்த அறைக்குத்தான் தேன்மொழி வந்தாள். விருதுநகர்ப் பக்கத்துப் பிள்ளை. அங்கே சிவில் எஞ்சினியரிங் முடித்து, இங்கே மேற்படிப்பும் முடித்து, விம்பிள்டனில் கட்டட வரைபடம் செய்கிற ஒரு சின்னக் கம்பெனியில் வேலை செய்கிறாள். கோவிலில் பிரசாதத்துக்கு நின்ற இடத்தில் என்னைப் பார்த்து, "ரூம் எதாவது வாடகைக்கு இருக்குமா ஆன்ட்டி?" என்று கேட்டாள். வாடகைக்கு ஆள் வைக்கிற யோசனையே எங்களுக்கு அதுவரை இருக்கவில்லை. அவள் கேட்ட விதத்தில் நான் ஓமென்றுவிட்டேன்.

முதல் மாதம் ஒருவர் தமிழ் மற்றவருக்கு விளங்காமல் நல்ல பம்பலும் சிரிப்பும். "ஆறுதலாச் சாப்பிடு பிள்ளை" என்று நான் சொன்னால், "எதுக்கு ஆன்ட்டி ஆறுதல், நான் நல்லாத்தானே இருக்கேன்" என்பாள். அவசரமில்லாமல் சாப்பிடச் சொன்னேன் என்று விளங்கப்படுத்த வேண்டும். ஒருநாள் காலையில் இவர், புறப்படத் தயாரா என்று கேட்பதற்கு நாங்கள் கேட்கிறபடி, "வெளிக்கிட்டாச்சோ பிள்ளை?" என்று மாடிப்படியில் நின்று உரத்துக் கேட்டார். அவள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். அவர்கள் ஊரில் "வெளிக்கு" என்பது கழிப்பறைச் சமாச்சாரமாம்! இவர் இரண்டு நாள் அவள் முகத்தைப் பார்க்கக் கூச்சப்பட்டுத் திரிந்தார்.

பிறகு பிள்ளை எங்கள் தமிழைப் பிடித்துக்கொண்டாள். "கதைச்சேன்", "விளங்குது", "கெதியா வாறேன்" என்று அரைக்கு அரை கலந்து அடிப்பாள். அவளைப் பார்க்கவென்றே அபி ஞாயிற்றுக்கிழமைகளில் வரத் தொடங்கினாள். இரண்டுபேரும் மேல் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு சிரிக்கிற சத்தம் கீழே கேட்கும். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு வருடக்கணக்காக இழுத்துக்கொண்டு போயும் வாயில் ஏறாத தமிழ் அபிக்கு இப்போது ஏறுகிறது. ஆனால் என்ன, ஏறுவது விருதுநகர்த் தமிழ். "ஆமாம்மா, பண்ணிடலாம்மா" என்கிறாள் என் மகள். கேட்க எனக்குக் கோபமும் வரும், சந்தோசமும் வரும்.

2

தேன்மொழிக்குப் படிப்பு முடிந்தபின் கொஞ்சக்காலம் வேலை செய்ய ஒரு விசா கொடுத்திருந்தார்கள். அது முடிகிற நாள் கிட்ட வந்துகொண்டிருந்தது. அதற்குப் பிறகும் இருக்க வேண்டுமென்றால் கம்பெனி அவளைப் பொறுப்பெடுத்து, தேர்ச்சியுள்ள வேலைக்காரருக்கான விசாவுக்கு மாற்ற வேண்டும். அது புள்ளிக் கணக்கு. மொத்தம் எழுபது வேண்டும். பொறுப்பெடுக்கிற கம்பெனிக்குக் கொஞ்சம், வேலையின் தரத்துக்குக் கொஞ்சம், ஆங்கிலத்துக்குக் கொஞ்சம், சம்பளத்துக்குக் கொஞ்சம் என்று கூட்டிக்கொண்டு போவார்கள்.

அவள் வந்த நேரத்துக் கணக்குப்படி எழுபது வடிவாக வந்தது. பிறகு கணக்கை மாற்றினார்கள். சம்பள எல்லை மேலே போனது. பட்டதாரித் தரத்து வேலையாக இருந்தால்தான் பெரும்பாலும் செல்லும் என்றார்கள். தேன்மொழி செய்வது எஞ்சினியர் வேலை, ஆனால் கம்பெனி அவளுக்குக் கொடுத்திருந்த பதவியின் பெயர் டெக்னீஷியன். அந்தப் பெயரை மாற்றாவிட்டால் பிள்ளை பெட்டி கட்ட வேண்டியதுதான்.

இவர் ஆறு மணிச் செய்தி தவறவிடாத ஆள். செய்தியில் விசாக் கட்டுப்பாடு என்று வந்தால் கதிரையில் நிமிர்ந்து உட்காருவார்.

"இவ்வளவு காலமும் கதவை ஆவெண்டு திறந்து விட்டிட்டாங்கள். கொஞ்சம் பூட்டத்தான் வேணும்" என்பார்.

"மெய்யே? நீங்கள் ஜெர்மனியில மரக்கறி லொறிக்குள்ள இருந்து இறங்கேக்கை உங்களுக்கு எத்தினை புள்ளி?"

"அது அகதி. இது வேற."

"ஓம் ஓம், நாங்கள் வந்தால் அகதி, மற்றவை வந்தால் சனக்கூட்டம்."

இந்தச் சண்டை எங்கள் வீட்டில் தேத்தண்ணீர் மாதிரி, பின்னேரம் ஒருதரம் நடக்க வேண்டும். இவர் மட்டுமில்லை, கோவிலில் நம்முடைய ஆட்கள் பலபேர் இப்படித்தான் கதைக்கிறார்கள். உண்மைதான், எங்களிடம் யாரும் புள்ளி கேட்கவில்லை. எங்கே அடித்தார்கள், எப்படி அடித்தார்கள், காயத்தைக் காட்டு என்று கேட்டார்கள். பிறகு ஐரோப்பியக் கடவுச்சீட்டோடு கடலைத் தாண்டி இங்கே வந்தபோது அதையும் கேட்கவில்லை. எந்தக் கதவால் வந்தோமோ அந்தக் கதவுதான் சரியான கதவு என்று நினைப்பது மனிதருக்கு லேசு.

எனக்கு மட்டும் இந்தப் புள்ளி விசயத்தில் ஆத்திரம் வரும். வெட்டுப்புள்ளி என்ற சொல்லைக் கேட்டால் ஊரில் என் வயதுக்காரருக்கு இன்னும் பழைய கணக்கு ஞாபகம் வரும். உயர்தரச் சோதனை எழுதி, பெறுபேறு வந்து, புள்ளியைக் கூட்டிப் பார்த்து, பல்கலைக்கழகம் நிச்சயம் என்று அயலட்டைக்கெல்லாம் சொல்லியான பிறகு, உங்கள் மாவட்டத்துக்கு இந்த வருடம் வெட்டுப்புள்ளி இவ்வளவு என்று அறிவிப்பு வரும். எழுதின விடை அப்படியே இருக்கும், கோடு மேலே போயிருக்கும். எனக்கு அப்படித்தான் போனது. அதோடு படிப்பு முடிந்தது. ஓடி முடித்த பிறகு எல்லைக் கோட்டைத் தள்ளி வைக்கிற வேலை லண்டனிலும் நடக்கும் என்று நான் நினைக்கவில்லை. தேன்மொழி அந்தக் கணக்கைச் சாப்பாட்டு மேசையில் எனக்குச் சொன்னபோது, "கோதாரி விழுந்த புள்ளி" என்று வாய்விட்டே திட்டினேன்.

3

ஒரு வெள்ளிக்கிழமை. நான் கடைக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தால் இவர் ஹோலில் நின்றபடியே நிற்கிறார், ரிவியில் செய்தி ஓடுகிறது, பார்க்கவில்லை.

"இஞ்சரப்பா, பிள்ளைக்கு மேனேஜர் பேசிப்போட்டானாம்."

"என்ன?"

"இப்பதான் வந்தவள். கண் ரெண்டும் சிவந்துபோய்க் கிடக்கு. மேனேஜர் கூப்பிட்டுப் பேசினாராம், ஒரு மணித்தியாலமாப் பேசினாராம், திருப்பி ஒண்டும் சொல்ல ஏலாமல் நிண்டவளாம். தலையிடிக்குது எண்டு மேல போயிட்டாள்."

எங்கள் பக்கத்தில் ஒருவருக்குப் பேசுவது என்றால் ஏசுவது. சும்மா வாயால் உரையாடினால் அது கதைப்பது. ஒரு மணித்தியாலம் பேசினான் என்றால் அந்தப் பிள்ளையை நார் நாராய்க் கிழித்திருக்க வேண்டும். என்ன குற்றத்துக்குப் பேசினான்? விசாக் கேட்டதற்கா? அப்படியென்றால் வேலை போய்விட்டதா? வேலை போனால் புள்ளி இல்லை, புள்ளி இல்லாவிட்டால் பிள்ளை இல்லை.

மேலே போய்க் கதவைத் தட்டினேன். "சாப்பாடு வேணாம் ஆன்ட்டி, காலைல லெஸ்டர் போகணும், ஃபிரண்டு கல்யாணம், தூங்குறேன்" என்று இருட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது. அழுத குரல். புண்ணைத் தோண்டக்கூடாது என்று கீழே வந்துவிட்டேன். விடியப் பார்த்தால் ஆள் போய்விட்டாள். போனில் கேட்கவும் மனம் வரவில்லை, கல்யாண வீட்டில் நிற்கிற பிள்ளையிடம் இதைக் கேட்பதா?

சனியும் ஞாயிறும் நான் சோறும் பருப்பும் தவிர ஒன்றும் வைக்கவில்லை. இவர் அதைக்கூடக் கவனிக்கவில்லை. செய்தியில் யாரோ ஒரு அரசியல்வாதி விசாவை இன்னும் இறுக்க வேண்டும் என்று கையை ஆட்டிக்கொண்டிருந்தார். இவர் ஒன்றும் சொல்லவில்லை. நான் வேண்டுமென்றே, "என்ன, பூட்டத்தான் வேணும் எண்டு சொல்லேல்லையோ?" என்று சொறிந்தேன்.

"சும்மா இரப்பா" என்றார். அந்தக் குரலைக் கேட்டு நான் மேலே சொறியவில்லை.

ஞாயிறு இரவு அவள் பிந்தித்தான் வந்தாள். திங்கள் காலையில் கட்டட வேலை நடக்கும் இடத்துக்கு நேரே போக வேண்டுமென்று எங்களுக்கு முன்னமே எழும்பிப் போய்விட்டாள். நான் எட்டு மணிக்குப் பள்ளிக்கூடம் வெளிக்கிடும்போது இவர் கண்ணாடிக்கு முன்னால் டை கட்டிக்கொண்டு நிற்கிறார். கல்யாணத்துக்கும் செத்தவீட்டுக்கும் மட்டும் வெளியே வரும் கறுப்புக் கோட்டு கட்டிலில் கிடக்கிறது.

"எங்க போறியள்?"

"விம்பிள்டனுக்கு. உந்த மேனேஜரோடை ஒருக்காக் கதைக்கப் போறன்."

"உங்களுக்கென்ன விசரே? கிடக்கிறதும் கெட்டுப்போகும்!"

"ஆரும் கேக்க ஆளில்லாத பிள்ளை எண்டுதானே பேசினவன்" என்றார். கோட்டைப் போட்டுக்கொண்டார். கோபம் வந்தால் கத்துகிற மனிதரை மறிக்கலாம். இவர் கத்தவில்லை, சப்பாத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்கும் உள்ளுக்குள் யாராவது போய்க் கேட்கத்தான் வேண்டும் போலிருந்தது. மறிக்கவில்லை.

4

மத்தியானம் வீட்டுக்கு வந்து கதவைத் திறக்கிறேன், அபி போன் எடுக்கிறாள்.

"அம்மா, அப்பா ஏன் ஆன்சர் பண்ணுறார் இல்லை?"

பார்த்தால் இவருடைய போன் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் சார்ஜில் கிடக்கிறது. நடந்ததையெல்லாம் அவளிடம் கொட்டினேன். மேனேஜர் பேசியது, பிள்ளை அழுதது, அப்பா கோட்டுப் போட்டுக்கொண்டு போனது.

"அம்மா, வெயிட். தேனக்கா எக்ஸாக்டா என்ன சொன்னா?"

"மேனேஜர் கூப்பிட்டுப் பேசினாரு எண்டு."

மறுபக்கத்தில் என் மகள் சிரிக்கத் தொடங்கினாள். சிரிப்பென்றால் அப்படிச் சிரிப்பு.

"ஓ மை கோட், அம்மா! தேனக்காட தமிழ்ல பேசினாருன்னா ஜஸ்ட் டோக் பண்ணினாரு! கதைச்சவர் அம்மா, கதைச்சவர்! திட்டினதில்லை!"

நான் கதிரையில் இருந்துவிட்டேன். இத்தனை மாதம் எங்கள் வீட்டில் கதைத்துக் கதைத்துத் திரிந்த பிள்ளை, மனம் கலங்கின நேரம் தன் சொந்தத் தமிழில் ஒரு சொல்லைச் சொல்லியிருக்கிறாள். நாங்கள் அதை எங்கள் தமிழில் கேட்டுக்கொண்டோம். தமிழே வராது என்று நான் ஊரெல்லாம் குறைசொன்ன மகள் லூயிஷாமில் இருந்துகொண்டு எனக்குத் தமிழ் படிப்பிக்கிறாள்!

அபியே தேன்மொழிக்கு ஒரு மெசேஜ் போட்டு, நைசாக விசயத்தைக் கேட்டுச் சொன்னாள். மேனேஜர் நல்ல மனிதராம். டெக்னீஷியன் என்ற பெயரில் இனி விசா எடுக்க ஏலாது, உன்னை எஞ்சினியராக்கிச் சம்பளத்தையும் கூட்டும்படி முதலாளிமாரிடம் கேட்டிருக்கிறேன், அவர்கள் என்ன சொல்வார்களோ தெரியாது என்று பொறுமையாக விளங்கப்படுத்தியிருக்கிறார். அந்தத் தெரியாதுதான் பிள்ளையை அழவைத்திருக்கிறது.

அப்படிப்பட்ட மனிதரிடம்தான் என் வீட்டுக்காரர் நியாயம் கேட்கப் போயிருக்கிறார். போன் குசினியில். மறிக்க வழியில்லை. பிள்ளையார் படத்துக்கு முன்னால் போய் நின்று, இந்த மனிசனை வழியில் பஸ் பழுதாகி நிற்கவை அப்பனே என்று கும்பிட்டேன். பிள்ளையார் கேட்கவில்லை.

5

இவர் வந்தார். முகத்தில் ஒரு தெளிவு.

"என்ன செய்துபோட்டு வாறியள்?"

"ஏன், கதைச்சிட்டு வாறன். தேத்தண்ணி எல்லாம் தந்தவர்."

"என்ன கதைச்சனீங்கள்?"

"வை டிட் யூ ஷவுட் அவர் கேர்ள் எண்டு கேட்டன். நான் ஷவுட் பண்ணேல்லையே எண்டு அந்தாள் முழிச்சார். பிறகு எனக்குப் படபடப்பில ஜெர்மன் வந்திட்டுது."

"என்ர ஐயோ!"

"பிறகு சமாளிச்சு இங்கிலீசுக்கு வந்திட்டனப்பா. ஷீ இஸ் என் எஞ்சினியர் எண்டன். வீட்டுக்கு வந்தும் குசினி மேசையில பிளான் கீறிக்கொண்டிருக்கிற பிள்ளை, எஞ்சினியரை எஞ்சினியர் எண்டு கூப்பிட உங்களுக்கென்ன பஞ்சி எண்டு கேட்டன். வை யூ ஆர் லேசி எண்டுதான் சொன்னது. இந்தப் பிள்ளையை விட்டால் நட்டம் உங்களுக்குத்தான் எண்டும் சொன்னன்."

நான் 'பேசினார்' என்ற சொல்லின் கதையைச் சொன்னேன். இவருக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. விளங்கினதும் கோட்டோடு அப்படியே கட்டிலில் இருந்தார். டையை அவிழ்க்கக் கை வரவில்லை.

"கெடுத்துப்போட்டனோ?" என்றார்.

நான் நன்றாகப் பேசியிருப்பேன், எங்கள் தமிழில் சொல்கிறேன், நன்றாகவே பேசியிருப்பேன். அந்த முகத்தைப் பார்த்த பிறகு ஏலவில்லை.

"கதவு பூட்டவேணும் எண்ட ஆள்தானே நீங்கள்" என்று மட்டும் சொன்னேன்.

"பூட்டட்டும். உள்ளுக்க எங்களோட சாப்பிட்டுக்கொண்டு இருக்கிற பிள்ளையை வெளியில தள்ளிப்போட்டோ பூட்டுறது?" என்றார். இந்த நாட்டின் சட்டம் முழுவதையும் அவர் தன் சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுவந்துவிட்டார்.

தேன்மொழிக்கு நாங்கள் சொல்லவில்லை. சொல்லு, சொல்லிவிடு என்று அபி தலையால் அடித்துக்கொண்டாள், எங்களுக்கு வாய் வரவில்லை. அதற்குப் பிறகு முதலாளிமாரின் பதில் வரும்வரை இந்த வீடு இருந்த இருப்பை நான் என்ன சொல்ல! அவள் போன் அடித்தால் நாங்கள் இருவரும் திடுக்கிடுவோம். இவர் அவளுக்கு முன்னால் குற்றவாளி மாதிரி நடமாடினார். கேட்காமலே அவள் அறைக்கு ஹீட்டர் பார்த்தார், பிளக் மாற்றினார், நல்லாயிருந்த பல்பையும் கழற்றி வேறு போட்டார். "அங்கிளுக்கு என்னாச்சு ஆன்ட்டி?" என்று அவள் கேட்டாள். வயது போகுது பிள்ளை என்றேன்.

அந்த வியாழன் மாலை அவள் கதவைத் திறந்த விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. செருப்பைக் கழற்றாமல் ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்தாள்.

"ஓகே சொல்லிட்டாங்க ஆன்ட்டி! எஞ்சினியர்! சம்பளமும் ஏத்திட்டாங்க, விசாவுக்குப் போடுறாங்க!"

நான் அழுதேன். ஏன் மறைக்க வேண்டும், விம்மி விம்மி அழுதேன். இவர் ஹோலில் நின்று, "நல்லது, நல்லது" என்று ரிவியைப் பார்த்துச் சொன்னார். ரிவி ஓடவே இல்லை.

"ஆனா இங்கயே நிரந்தரமாகிறதுக்கு முன்ன அஞ்சு வருஷம், இனி பத்து வருஷம்னு ஆக்கப்போறாங்களாம் அங்கிள்" என்றாள்.

"பத்தெண்டால் எனக்கு எழுபத்தாறு. பரவாயில்லை, இருப்பன்" என்று சொல்லிவிட்டு இவர் வெளியே குப்பைத் தொட்டியை இழுக்கப் போனார்.

நான் சோற்றைப் போட்டேன். கத்தரிக்காய்க் குழம்பு, முட்டைப்பொரியல், அன்றைக்கு எல்லாம் இருந்தது. அவள் தட்டைத் தொடவில்லை. விருதுநகருக்குப் போன் போட்டு அம்மாவிடம் சொல்லி, தம்பியிடம் சொல்லி, அபியிடம் சொல்லி, திரும்ப அம்மாவிடம் சொன்னாள். எல்லாம் முடிந்து போனை வைத்துவிட்டு என் பக்கம் சாய்ந்து மெல்லக் கேட்டாள்.

"ஆன்ட்டி, அங்கிள் எங்க ஆஃபீசுக்கு வந்தாருல்ல?"

எனக்குச் சீவன் போனது. "ஆர் சொன்னது?"

"மேனேஜர்தான். அன்னைக்கு சாயங்காலமே கூப்பிட்டு, 'உங்க அப்பா வந்துட்டுப் போனாரு, உங்கமேல அவ்வளவு பாசமா இருக்காரே'ன்னு சொன்னாரு. அங்கிள் சங்கடப்படுவாரேன்னு நான் வீட்ல ஒண்ணும் கேக்கல."

"நீ அவருக்கு என்ன சொன்னனீ?"

"ஆமா, எங்க அப்பா கொஞ்சம் கோவக்காரருன்னு சொல்லிட்டேன்."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அப்போதுதான் பின்கதவடியில் இவர் நிற்பதைக் கண்டேன். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது. அவளும் திரும்பிப் பார்த்தாள். இவர் கையைத் துடைத்துக்கொண்டு மேசைக்கு வந்தார்.

"அப்ப தகப்பன் சொல்லுறன், கேள்" என்றார். "சோறு ஆறுது. முதல் சாப்பிடு."

அவள் தட்டை இழுத்துவைத்துச் சாப்பிட்டாள்.